இடப்பக்கத்துப் பாரம்

பதினொரு வருஷம் மோட்டார் சைக்கிளைத் தொடாமல் இருந்த எனக்கு, திடீரென்று ஒன்று வாங்க வேண்டிய கட்டாயம் வந்தது. நான் அரசாங்க அப்போதிக்கரி. மருந்து கலந்து கொடுப்பதும், டாக்டர் இல்லாத ஊர்களில் டாக்டராக இருப்பதும் என் வேலை. ஜப்பான்காரனோடு நடந்த உலகச் சண்டை முடிந்த கையோடு என்னைப் படுவான்கரைக்கு மாற்றினார்கள். வாவிக்கு மேற்கே, கிழமைக்கு நான்கு ஊர், பஸ் போகாத ரோட்டு. வண்டி ஓட முடியாது என்றால் பென்சனை வாங்கிக்கொண்டு வீட்டில் குந்தலாம். அந்த வீட்டில் குந்துவதற்கு எனக்குப் பயமாக இருந்தது. ஆளில்லாத வீட்டில் பகல் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தானே தெரியும்.

செங்கலடிச் சந்தியில் ஏறாவூர்க்காரர் ஒருவர் கராஜ் வைத்திருந்தார். பட்டாளம் கழித்துவிட்ட வண்டிகளை எடுத்துத் திருத்தி விற்பவர். அன்று அவரிடம் இரண்டு நின்றன. ஒன்று தனி மோட்டார் சைக்கிள். மற்றதன் இடப்பக்கத்தில் சைட்கார் பூட்டியிருந்தது. ஒரு ஆள் கால் நீட்டி இருக்கக்கூடிய தகரப் பெட்டி, அதற்கென்று மூன்றாவதாக ஒரு சில்லு.

"பெட்டி பூட்டினதுதான் ஐயாவுக்கு நல்லம். விழுத்தாது" என்றார்.

"அந்தச் சனியன் எனக்கு வேணாம்" என்றேன். அவர் தனி வண்டியை வெளியே தள்ளினார்.

முன்பு நான் ஓட்டியதும் சைட்கார் வண்டிதான். பெட்டி வெறுமையாக இருந்தால், இடப்பக்கம் திரும்பும்போது அதன் சில்லு மேலே கிளம்பிவிடும். அதற்காக மண் மூட்டை ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு திரிவேன். ஊரெல்லாம் மலேரியாக் காய்ச்சல் பரவிய அந்த வருஷம், கதிரவெளிக்குக் கொயினா மருந்து கொண்டுபோகச் சொன்னார்கள். வழியில் மிதவையில் ஏற்றிக் கடக்கும் துறைகள். ஒவ்வொரு துறையிலும் மூட்டையை இறக்கி ஏற்றி என் முதுகு முறிந்துபோயிருந்தது.

"நீ வாவன்" என்று மனைவியிடம் சொன்னேன். "மூட்டையெண்டா நான் தூக்கவேணும். நீயெண்டா நீயே இறங்கி, நீயே ஏறுவாய்."

பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் காரணமும் அதுதான்.

"ஓம் ஓம், மண்ணுக்குப் பதிலா மனுசி" என்று சிரித்து, சேலையைச் செருகிக்கொண்டு ஏறி இருந்தாள்.

கதிரவெளியில் மூன்று நாள் தங்கினோம். இருந்தது ஒரே ஒரு நுளம்பு வலை, ஒருவர் படுக்கும் அளவு. "நீங்கதானே வேல செய்யவேணும், நீங்க படுங்க" என்றாள். நான் படுத்தேன். நுளம்பு கடித்தால் என்ன வரும் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்த பெரிய மனிதன், வலைக்குள்ளே படுத்தேன். திரும்பி வந்து இரண்டாம் கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. என் கையால் கலந்த கொயினா யார் யாருக்கோ கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டு மாதம் விட்டு விட்டுக் காய்ந்து, போய்விட்டாள். வண்டியைக் கேட்ட விலைக்குத் தள்ளினேன்.

அதனால்தான் அன்று தனி வண்டியில் ஏறினேன். அரைக் கட்டை தூரம்கூடப் போகவில்லை. சைட்கார் வண்டி எப்போதும் பெட்டி இருக்கும் பக்கமாக இழுக்கும். அதற்கு எதிராக ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும். பாழாய்ப்போன என் கைகள் அன்றும் அதையே செய்தன. வண்டி இடப்பக்கம் சாய்ந்து என்னையும் கொண்டுபோய்ப் புல்லில் போட்டது. இரண்டாம் தரமும் அதே பக்கம். மூன்றாம் தரமும்.

கராஜ்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டார். "ஏன் ஐயா வலப்பக்கம் இழுக்கிறீங்க? இதில பெட்டி இல்லையே."

"தெரியும்."

"உங்கட கைக்குத் தெரியல்ல."

அந்த மனிதரை அறையலாம் போல இருந்தது. அறையவில்லை. அவருக்கு முன்னாலேயே புல்லில் குந்தி அழுதேன். அவர் வண்டியை நிமிர்த்தித் துடைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு மற்ற வண்டியடிக்குப் போனோம். "வீட்டு ஆக்களக் கூட்டிவந்தா மண் தேவல்ல" என்றார்.

"வர ஆளில்ல. மண்ணப் போடுங்க."

வாசலில் கிடந்த மணலைச் சாக்கில் அள்ளிப் பெட்டியில் வைத்தார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன். "காணாது" என்றேன். இன்னும் ஒரு வாளி போட்டார். மறுபடியும் போய்வந்தேன்.

"காணாது."

"சில்லுக் கிளம்பல்லையே ஐயா, இது போதும்."

"போடுங்க எண்டா போடுங்க."

ஐந்தாம் சுற்றோ ஆறாம் சுற்றோ, சந்தையடியால் திரும்பும்போது கைகளில் அந்தப் பழைய இழுவை வந்தது. கதிரவெளிக்குப் போன வழியில், அவள் ஏறியிருந்தபோது எப்படி இழுத்ததோ அப்படியே. நான் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. வந்து, "இப்ப சரி" என்றேன். சாக்கின் வாயைக் கட்டித் தந்தார். அந்த வண்டியையே வாங்கினேன்.

அடுத்த நாள் படுவான்கரைக்குப் போகும் துறையில், மூட்டையை இறக்கினால்தான் வண்டியை மிதவையில் ஏற்றலாம் என்றார் துறைக்காரர். நான் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. இரண்டு பேர் வந்து இறக்கிக் கொடுத்தார்கள்.

அந்தக் காய்ச்சலின் கடைசிக் கிழமையில் அவளைக் காலையில் பாயிலிருந்து எடுத்து முற்றத்து வெயிலில் இருத்துவேன். அப்போது அவளால் தானே இறங்கித் தானே ஏற முடியாது. தூக்க எனக்கு ஒரு கை போதுமாயிருந்தது.