பத்து நிமிஷம் நின்ற கறுப்பு

இரண்டாயிரத்துப் பத்து நெருங்கிக்கொண்டிருந்த சமயம். படூரில் ஒரு கல்லூரியில் சூரிய மின்கலம் பற்றி பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். மதுராந்தகத்திலிருந்து தினமும் பஸ் மாறி மாறிப் போவேன். மகளுக்கு மூன்று வயது.

டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்களைக் கண்ணாடியில் பூசிச் சுட்டு, அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்ற வேண்டும். அந்தச் சாயம்தான் வெளிச்சத்தை வாங்கும். எப்படி மாற்றிச் செய்தாலும் செயல்திறன் ஏறவில்லை.

சாயத்துக்குப் பதிலாகப் பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தை யாரோ பூசியிருந்ததை ஒரு கட்டுரையில் படித்தேன். அந்தப் படிகத்துக்கான ஈய உப்பைக் கரைத்து நானும் பூசினேன். கண்ணாடி கறுத்தது. விளக்கடியில் வைத்தால், என் சாயக் கலங்கள் எட்டாத அளவை மீட்டர் காட்டியது. பத்தே நிமிஷம். மின்சாரம் கடத்துவதற்காகக் கலத்துக்குள் ஊற்றியிருந்த திரவம் கறுப்பைக் கரைத்துவிட்டது.

திரவம்தானே கரைக்கிறது? அதை எடுத்துவிட்டு ஒரு திடப்பொருளை வைத்தால் என்ன? கறுத்த கண்ணாடியைப் போட்டோ எடுத்து ஒட்டி, மூன்று பக்கம் எழுதிக்கொண்டுபோய் என் நெறியாளரிடம் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தோடு மூடிவிட்டார்.

"பத்து நிமிஷத்துக்கு மேல நிக்காததை வச்சிகினு இன்னாம்மா பண்ணப்போற? ஈயம் வேற, விஷம். குழந்தை குட்டின்னு இருக்கிறவ. சாயத்துலயே முடிச்சிட்டு டிகிரிய வாங்கிட்டுப் போ."

"ஒரே ஒரு மாசம் குடுங்க சார்."

"சொன்னா கேளும்மா."

கேட்டேன். கறுத்த கண்ணாடிகளையெல்லாம் நானே கழுவி வைத்தேன். சாயத்திலேயே பட்டம் வாங்கினேன். கருங்குழிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் வேலை கிடைத்தது.

சில வருஷத்திலேயே வெளிநாட்டில் திரவத்துக்குப் பதில் திடப்பொருளை வைத்துவிட்டார்கள். செயல்திறன் கிடுகிடுவென்று ஏறியது. அந்தக் கட்டுரையை ஸ்டாஃப் ரூமில் படித்தேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தும் எழுந்திருக்க முடியவில்லை.

அப்புறம் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் கருத்தரங்கு. மேடையில் என் நெறியாளர். திரையில் நான் எடுத்த போட்டோ, என் கறுத்த கண்ணாடி. "நாங்க இதை அப்பவே ஆரம்பிச்சிட்டோம்" என்றார்.

கை தூக்கினேன். "ஏன் சார் நிறுத்தினீங்க?"

என்னை அடையாளம் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அப்போ அந்த அளவுக்கு ஆர்வமுள்ள மாணவர்கள் கிடைக்கலை."

சபை சிரித்தது. பேச்சு முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவரைக்கூட மன்னித்துவிடலாம். தட்டிய என் கைகளைத்தான் மன்னிக்க முடியவில்லை.