மீன் அலசிய தண்ணீர்

எங்கள் வீட்டுப் புல்தரையைக் கருக்கியது நான்தான். அம்மா அல்ல... நான்!

இதை எழுதும்போதே வாசலில் அம்மாவின் சிரிப்பு கேட்கிறது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தான் புல்லைக் கொன்ற கதை. கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தண்டலத்தில் கல்லூரி, வேதியியல் பட்டம், ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. பிள்ளைப்பாக்கத்தில் வீடு கட்டியதும் நான் ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான். தொழிற்சாலை வாசலில் இருப்பது போல ஒரு புல்தரை!

பாய் பாயாகக் கொரியன் புல் வந்து இறங்கியதும் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஊரான் கொல்லையில எல்லாம் புல்லு புடுங்கித்தான்டி உன்ன படிக்க வெச்சேன். நீ இன்னான்னா துட்டு குட்த்து புல்லு வாங்கினு வர்றியே!"

"அது களை. இது லான்மா."

"மாட்டாண்ட போய்ச் சொல்லு. அது ரெண்டையும் ஒண்ணாத்தான் துன்னும்."

சொன்னாளே தவிர, சீக்கிரமே அதன்மேல் பைத்தியமானாள். காலமெல்லாம் புல்லைப் பிடுங்கிய கை, முதன்முறையாக ஒரு புல்லை வளர்த்தது! வெறுங்காலோடு நடந்து பார்த்து, "மெத்துமெத்துனு கீதுடி" என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லுப்புப் போட்டு மீன் அலசிய தண்ணீரை எப்போதும் ரோஜாவுக்குத்தான் ஊற்றுவாள். ஒரு ஞாயிறு, பக்கத்திலிருந்த புல்லுக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

அடுத்த வாரம் என் தோழிகள் வருவதாக இருந்தார்கள். புல் இன்னும் பச்சையாக வேண்டுமென்று எனக்கு ஆசை... பேராசை! மறுநாள் அம்மா சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம், உச்சி வெயிலில், யூரியாவை அள்ளி அள்ளி வீசினேன். உடனே தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று தெரியும். அதற்குள் மதிய ஷிப்டுக்கான கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஓடிவிட்டேன்.

இரண்டே நாளில் புல் வைக்கோலானது. என் கை வீசிய வளைவுகளிலேயே கருகியிருந்தது. அம்மா ஊற்றியதோ ரோஜாவை ஒட்டிய ஒரு மூலையில் மட்டும்! தரையைப் பார்த்திருந்தால் எவருக்கும் புரிந்திருக்கும். அம்மா தரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாடி ஆச்சு இதுக்கு?"

"உன் மீன் தண்ணிதாம்மா. உப்பு வேரைச் சுட்டுடுச்சு."

எவ்வளவு சுலபமாக வந்தது! ஏன் சொன்னேன்? திட்டுவாள் என்றா? திட்டியிருக்கவே மாட்டாள். வேதியியல் படித்தவள் யூரியாவில் கோட்டைவிட்டாள் என்பதை என் காதாலேயே கேட்கப் பிடிக்கவில்லை... அவ்வளவுதான்.

அம்மா ஒரு கணம் திகைத்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள்.

"அடப்பாவி! புடுங்கப் புடுங்க மொளைக்கிற புல்லு, நான் ஆசையா தண்ணி ஊத்துனா செத்துப்பூடுதே!"

கருகிய இடங்களைக் கொத்தி அரைக்கீரை விதைத்தாள். என்ன செழிப்பு! நான் வீசிய யூரியா எல்லாம் அதற்குத்தான் போயிற்றோ என்னவோ... தோழிகளின் வரவைத் தள்ளிப்போட்டு, கீரை வளர்ந்த பிறகு அழைத்தேன். பாதி புல், பாதி கீரை. நடுவில் அம்மா மீன் அலசும் சட்டியோடு நின்று நடித்துக் காட்ட, வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆளுக்கொரு கட்டுக் கீரை வாங்கிப் போனார்கள். நானும் மனம்விட்டுச் சிரித்தேன்... அதை நினைத்தால்தான் கூசுகிறது.

இதோ, வாசலில் கதை முடியப் போகிறது.

"உப்புன்னு எப்டி அத்தை கண்டுபுடிச்சீங்க?" என்கிறாள் ஸ்டெல்லா அக்கா.

"நான் எங்க கண்டுபுடிச்சேன்? எம்பொண்ணு ஒரு பார்வதான் பார்த்தா. டக்குனு சொல்லிட்டா. படிப்புன்னா சும்மாவா!"

ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்தான் முடிப்பாள். இதைச் சொல்வதற்காகத்தான் முழுக் கதையையும் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்து வெகுநாளாயிற்று. உண்மையைச் சொன்னால் அவளிடமிருந்து எதைப் பிடுங்குவேன் என்று உங்களுக்குத் தெரிகிறதா?

"ஏய், இங்க வாடி. இன்னிக்கி மீன் தண்ணி கீது, ரோஜாவுக்கு ஊத்தலாமா? பார்த்து சொல்லு."

என்னைக் கேட்காமல் இப்போது எந்தச் செடிக்கும் எதையும் ஊற்றுவதில்லை அவள்.

எழுந்து போகிறேன். ரோஜாவின் தூரைக் கவனமாகப் பார்ப்பது போலக் குனிய வேண்டும்... சட்டியைப் பிடித்தபடி அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.