ஷட்டருக்கு உள்ளே விமலகுமாரி

மதியம் ஒரு மணியிலிருந்தே விமலகுமாரி தென்னை ஓலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓலையின் அடிப்பக்கம் வெளுத்துத் திரும்பினால் போதும், ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிடுவாள். ஐப்பசி மாதம் இடி தொடங்கிவிட்டால் அவள் ஓரிடத்தில் உட்காரமாட்டாள்.

கொல்லயில் என்ற ஊருக்குப் பக்கத்து ஷட்டில் மண்டபத்தைப் பெருக்கிப் பார்த்துக்கொள்பவள் அவள். காற்றில் பந்து விலகக் கூடாதென்று ஜன்னலே இல்லாமல் கட்டிய இடம். மேலே தகர ஷீட். வாசல் ஒன்றுதான். தரையைத் துடைக்கும்போதும் அவள் கண் கூரையில் இருக்கும்.

"மாமி, இன்னைக்கு மழ உண்டா?" என்று நிஜின் மட்டையைச் சுழற்றிக்கொண்டு சீண்டினான்.

"ஒனக்கு என்னத்துக்குலே மழ? ஒனக்க சர்வீசு மழ இல்லாமலே நெட்டு தாண்டாது."

மூன்று வருடத்துக்கு முன் ஒரு போட்டியின் நடுவில் மின்சாரம் போனது. வெளிச்சத்துக்காக அவளே ஷட்டரைத் தூக்கினாள். புகுந்த காற்று ஒரு ஷீட்டைப் பிய்த்து சோனா என்ற சிறுமியின் தோளில் இறக்கியது. சோனா இப்போது இடது கையால் எழுதுகிறாள். விமலகுமாரி கேட்பவர்களிடமெல்லாம் சொல்வாள்: "உள்ள வந்த காத்து வந்த வழியே போவாது மக்கா. மேல வழி உண்டாக்கிட்டுதான் போவும்."

அன்று சர்ச் சபை வாலிபர்களின் இறுதி ஆட்டம். உள்ளே எழுபது பேர், பாதிப்பேர் குழந்தைகள். மூன்றரை மணிக்கு விளக்குகள் அணைந்தன. ஜெனரேட்டர் போடுவது அவள் கணவர் சத்தியதாஸின் வேலை. அது பின்புறக் கொட்டகையில் இருந்தது.

"இப்பம் வாறேன்."

"ஓடி வரணும், கேட்டியளா?"

அவர் குனிந்து வெளியேறினார். அவள் ஷட்டரை முழுதாக இறக்கினாள்.

காற்று அதற்குப் பிறகுதான் வந்தது. கூரை ஒருமுறை எழும்பி அமர்ந்தது. கைபேசி வெளிச்சங்கள் எல்லாம் மேலே திரும்பின. பிறகு ஒரு குழந்தை அழ, மற்றவையும் அழுதன. ஷட்டர் தானாக ஒரு சாண் உயர்ந்தது. அவள் அதை மிதித்து இறக்கிப் பூட்டினாள்.

வெளியே கைகள் ஷட்டர் தகரத்தில் அறைந்தன.

"விமலா, தெறடி! கொட்டக போச்சி! மரம் முறியுது!"

நிஜின் ஓடிவந்தான். "மாமி, மாமனாக்கும்! தெறங்க!"

"செவரோட சேந்து இரிங்க!" அவள் ஷட்டரில் வாயை வைத்துக் கத்தினாள். "உள்ள பிள்ளைய உண்டு!"

மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ, அறைவது நிற்கவில்லை. "விமலா... விமலா..."

அவள் விரல்கள் சாவியைப் பூட்டில் நுழைத்தன. தலைக்கு மேலே ஓர் ஆணி கிறீச்சிட்டது. சாவியை உருவினாள். தனக்கே எட்டாதபடி அதை இருட்டுக்குள் வீசி எறிந்தாள்.