ஈறு முளைத்த படகு

படகு வாங்கப் போகிறேன் என்று யாராவது என்னிடம் சொன்னால், என் அக்கா வீட்டுக்காரர் கதையைச் சொல்லாமல் விடமாட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டுப் போய் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் பாடு.

அத்தானுக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறை, அதற்குள் அச்சு வார்க்கும் மாவு, மெழுகு, டப்பா டப்பாவாகப் பற்கள். முடியளவு உயரம் கூடினாலும் கடிக்கும்போது உறுத்தும் என்பதால் தேய்த்துக்கொண்டே இருப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கொடுத்த பல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இவ்வளவு கணக்கான மனிதர்தான் ஐம்பது வயதில் ஒரு பழைய படகைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார்.

விற்றவர் டாக்டருக்குத் தெரிந்தவர். நாலு பேர் உட்காரக்கூடிய வெள்ளை ஃபைபர் படகு, பின்னால் எஞ்சின், வெயிலுக்குத் துணிக்கூரை. மீன் பிடிக்க இல்லை, ஆள் ஏற்றவும் இல்லை, சும்மா கடலுக்குள் போய்வர. விலையைக் கேட்டபோது எனக்கே சபலம் தட்டியது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். வண்டி வாங்குவது சுலபம், வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு என்று தினமும் தொண்டை வறளச் சொல்பவன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

கார் ஓடினால்தான் செலவு. படகு சும்மா நின்றாலே செலவு. படகுத்துறையில் கட்டிவைக்க, நீளத்தில் அடிக்கு இவ்வளவு என்று மாத வாடகை. கடலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் கட்டணும். ஒவ்வொரு தடவை போய்வந்த பிறகும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் விட்டு உப்பை அலசணும், ஒருநாள் மறந்தால் போச்சு. அடியில் சிப்பி ஒட்டும். அதைச் சுரண்டப் படகைக் கரையேற்றணும், ஏற்றுகிற வண்டிக்குத் தனி வாடகை. சுரண்டிய இடத்துக்கு, சிப்பி ஒட்டாமலிருக்க ஒரு பெயிண்ட். அந்தக் காசில் என் வீட்டு வெளிச்சுவர் முழுக்க அடித்துவிடலாம். லைசென்ஸ், இன்சூரன்ஸ், உயிர்காப்புச் சட்டை என்று அதுபாட்டுக்கு நீண்டது. ஒவ்வொரு தடவையும் அத்தான், “இதோட முடிஞ்சுது” என்பார். மூன்றாவது வருஷம் செலவு படகின் விலையைத் தாண்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார்.

அக்கா ஒருநாளும் காசைப் பற்றிப் பேசியதில்லை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் வீட்டில் இருப்பாள். அத்தானோ ஞாயிறு விடிந்ததும் வாளி, பிரஷ், கந்தல் துணியோடு துறைக்குக் கிளம்பிவிடுவார். நாலு வருஷத்தில் இருநூறு ஞாயிறு. அதில் படகு கடலுக்குள் போனது பத்தொன்பது தடவை. மற்ற நாளெல்லாம் கழுவல், துடைப்பு, ரிப்பேர்.

“நீயும் கூடப் போகவேண்டியதுதானேக்கா?” என்று ஒருதடவை கேட்டேன்.

“கூப்பிட்டாத்தானே போறதுக்கு? கூப்பிடாத வீட்டுக்கே போகமாட்டேன், படகுக்கா போகப்போறேன்?” என்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் அவளுக்கு அந்தக் கடிதம் வந்தது. வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை. பதினெட்டு வருஷமாக அவள் எதிர்பார்த்திருந்தது. மாதக் கடைசிக்குள் சம்மதம் எழுதி அனுப்பணும். அந்த ஊர் கடற்கரையிலிருந்து ரயிலில் ஆறு மணி நேரம் உள்ளே, கடலை விடுங்கள், சொல்லிக்கொள்ள ஒரு குளம்கூடக் கிடையாது. பல் எல்லா ஊர்க்காரருக்கும் விழும், அத்தானுக்கு வேலை கிடைத்துவிடும். படகைத்தான் ஒன்றும் செய்யமுடியாது.

கடிதத்தை அக்கா என்னிடம்தான் முதலில் காட்டினாள். “வித்துடுங்கன்னு நான் சொன்னா வித்துடுவார்டா. ஆனா ஆயுசுக்கும் நான் பிடுங்கிக்கிட்டதா ஆயிடும். அவருக்குன்னு இருக்கற ஆசை அது ஒண்ணுதான். நீ வாயத் திறக்காதே.”

நான் திறந்தேன். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த ஞாயிறு மத்தியானமே வீட்டுக்குத் திரும்பி வந்து, “படகைக் குடுத்துடலாம்னு பாக்கறேன். முதுகு வலிக்குது” என்றார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “முதுகு வலியாம்! பொய்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல” என்று சமையலறையில் வந்து பொரிந்தாள். “இப்படி வித்துட்டு அவர் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தா எனக்கு எதுக்கு அந்த வேலை? நான் போகல.” கடிதம் கையெழுத்தில்லாமல் அலமாரியிலேயே கிடந்தது.

பேக்கரிக்காரர் ஒருவர் வாங்க வந்தார். படகின் முன்பக்கம் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் இருந்தது. அதை மறைத்து விற்க அத்தானுக்கு மனம் வரவில்லை. துறை மெக்கானிக் வேலையைத் தொடங்கவே ஒரு வாரம் ஆகும் என்றார். நாளோ ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் தன் அறையிலிருந்து ரோஸ் நிறப் பொடியையும் அதற்கான திரவத்தையும் எடுத்துவந்தார். பல்செட்டுக்கு ஈறு செய்யும் சரக்கு, கலந்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகிவிடும்.

“வருஷக்கணக்கா எச்சில்ல ஊறியே ஒண்ணும் ஆகாது. உப்புத்தண்ணி என்ன பண்ணிடும்?” என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பூசி, தேய்த்து, மெருகேற்றி வைத்தார். வெள்ளைப் படகில் பளபளவென்று ரோஸ் நிறத் திட்டு.

வாய் அசைகிற மாதிரி கடல் அசையாது. சோதித்துப் பார்க்கக் கடலில் இறக்கி, அலையில் இரண்டு தடவை குதித்ததும் ஒட்டு பல்லிளித்துவிட்டது. மெக்கானிக் குனிந்து பார்த்து, “சார், படகுக்கு ஈறு முளைச்சிருக்கே! பல்லு எப்ப வரும்?” என்றார். துறையே கூடிச் சிரித்தது. அந்த ரோஸ் சரக்கை முழுக்கக் குடைந்தெடுத்ததில் விரல் நீள விரிசல் உள்ளங்கை அகலப் பொத்தலானது. சரிசெய்து பெயிண்ட் அடிக்கப் பத்து நாள், பெரிய பில். பேக்கரிக்காரர் பேசிய விலையைப் பாதியாக்கினார். அத்தான் பேரம் பேசாமல் தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு மெக்கானிக், பேக்கரி, படகு மூன்றையும் கடலில் தள்ளியிருப்பேன்.

கைமாற்றுவதற்கு முன்னால் படகை ஓட்டிப் பார்க்கணும். அன்றைக்கு மாதம் முடிய இரண்டு நாள் பாக்கி. அக்காவுக்கு விடுமுறை. நானே வலுக்கட்டாயமாக அவளைத் துறைக்கு அழைத்துப் போனேன். அவளைப் பார்த்ததும் அத்தான் பதறிப்போய் இருக்கையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

மூன்று பேரும் கிளம்பினோம். கரை சின்னதானதும் எஞ்சினை நிறுத்தினார். சட்டென்று ஒரு சத்தமும் இல்லை. படகின் விளிம்பில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது. அக்கா செருப்பைக் கழற்றினாள். கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டாள். “இவ்வளவு நல்லா இருக்கு” என்றாள். “ஒருநாள்கூட என்னைக் கூப்பிடணும்னு தோணலையா?”

“உனக்காகத்தானே வாங்கினேன். ஆஸ்பத்திரிச் சத்தத்துலேருந்து ஒருநாளாவது இப்படி வந்து உக்காரட்டும்னு” என்றார் அத்தான். “எல்லாம் சரியாகட்டும், அப்புறம் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன். ஒண்ணு சரியானா ஒண்ணு போச்சு.”

அக்கா அழுதாள். கோபமும் வந்தது. “பல்லு பண்றப்ப மட்டும் முழுசா முடிக்கறதுக்கு முன்னாடியே மெழுகுல வெச்சு, டாக்டர்கிட்ட குடுத்து வாயில போட்டுப் பாக்கச் சொல்றீங்க. உறுத்துதா, கடிக்குதான்னு கேக்கச் சொல்றீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பாதி ரிப்பேர்ல நின்னப்பவே வந்து உக்காந்திருப்பேனே. இருநூறு ஞாயித்துக்கிழமைங்க!”

நான் பின்பக்கம் இருந்த எஞ்சினை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்பதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே போவது?

அத்தான் கையிலிருந்த துடைக்கும் துணியைக் கீழே போட்டார். பிறகு, “அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடு” என்றார். “என் மனசு சரியாகட்டும்னு நீ காத்திருக்காதே. நான் காத்திருந்ததே போதும்.”

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “முதுகு வலி?”

“அது நெஜமாவே கொஞ்சம் இருக்கு.”

அக்கா சிரித்துவிட்டாள். கரையில் பேக்கரிக்காரர் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டும் அரைமணி நேரம் அங்கேயே மிதந்தோம். அன்று சாயங்காலமே அவள் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை அனுப்பினாள்.

சாவியைக் கொடுக்கும்போது எஞ்சினை அலசுவது, கயிறு கட்டுவது என்று அத்தான் பேக்கரிக்காரருக்கு ஏதேதோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் மெக்கானிக் சொல்வார் என்று விட்டுவிட்டார். “வீட்டுல இருக்கவங்கள மொத நாளே ஏத்திடுங்க” என்று மட்டும் சொன்னார். அது படகுக்காரர்களிடையே ஏதோ ராசி என்று நினைத்துக்கொண்டு பேக்கரிக்காரரும் பயபக்தியோடு தலையாட்டினார்.