பதினெட்டுக் குளோரைடுகள்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வின்போது, விழுப்புரத்தில் எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருபது பேர் இருந்தோம். அதில் பதினெட்டுப் பேர் ஒரே விடையை எழுதினோம். யாரும் காப்பியடிக்கவில்லை என்பதுதான் விசேஷம். வழக்கமாக அடிப்போம்.

ஆளுக்கு ஓர் உப்பைத் தருவார்கள். அதிலுள்ள அயனிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். உப்பை நீரில் கரைத்து, கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டு, சில்வர் நைட்ரேட் சேர்க்கும்போது தயிர் போன்ற வெண்மைநிற வீழ்படிவு வந்தால் குளோரைடு. அரையாண்டுத் தேர்வில் நான் வேதியியலில் தோற்றிருந்தேன். செய்முறையில் முழு மதிப்பெண் வாங்கினால்தான் பொதுத்தேர்வில் தேறலாம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அதனால் சோதனைக் குழாயில் தயிரைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. குளோரைடு என்று எழுதிக் கோடு போட்டேன்.

திண்டிவனத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் மேசை மேசையாக எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? உங்க ஊர்ல எல்லா உப்பும் ஒரே உப்பா? நான் ஆளுக்கொண்ணு குடுத்தா, நீங்க ஒரே பதிலை எழுதிக்கினு இருக்கீங்க. மொத்த பேட்ச்சுக்கும் முட்டைதான்."

அமிலம் விட்டதும் உப்பு நுரைத்துவிட்டதால் கார்பனேட் என்று எழுதி அதோடு நிறுத்திய இரண்டு பேர் மட்டும் தப்பித்திருந்தார்கள்.

காணையிலிருந்து பஸ்ஸில் வரும் என் பக்கத்து மேசைக்காரி முணுமுணுத்தாள். "காப்பியே அடிக்காத ஒரே பரிச்சையில மாட்டிக்கினோம்டி."

நான் உப்பே போடாமல், வெறும் தண்ணீரில் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பார்த்தேன். தயிர் வந்தது. கையைத் தூக்கினேன்.

"சார், தண்ணியும் குளோரைடு சார்."

அவர் அதையே ஒருமுறை செய்து பார்த்தார். பிறகு, 'எதையும் சுவைக்காதே' என்ற அட்டைக்குக் கீழே நின்று, காய்ச்சி வடித்த நீர் என்று எழுதிய கேனிலிருந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. ஆய்வக உதவியாளரான அக்காவைப் பார்த்தார்.

"அதுல இருந்ததை ஹெச்.எம். ரூம் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்திட்டேன் சார். கேன் காலியா இருந்தா நல்லாருக்காதேன்னு போர் பைப்புல புடிச்சி வெச்சேன். தண்ணி தண்ணிதானே சார்?"

"பேட்டரிக்கு நல்ல தண்ணி, புள்ளைங்களுக்கு உப்புத் தண்ணியா?"

அக்கா சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டார்.

"கம்ப்யூட்டர் ரூம் ஏசியில தண்ணி சொட்டுது சார்" என்றாள் காணைக்காரி. பிடித்து வந்த நீரைத் தேர்வாளர் சோதித்தார். தெளிவாகவே இருந்தது. "அதுலயே குழாயைக் கழுவிட்டு மறுபடி பண்ணுங்க. அரை மணி நேரம்தான், ஜல்தி."

இங்கேதான் எனக்குத் தலைகால் புரியவில்லை. மர்மத்தை உடைத்தவள் நான் அல்லவா? சோதிக்கும் முன்பே, ஸ்கேல் வைத்துக் குளோரைடை அடித்துவிட்டு சல்பேட் என்று எழுதினேன். கேட்க நன்றாக இருந்தது என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

பிறகு ஏசி நீரில் உப்பைக் கரைத்தேன். தயிர். முன்பைவிடக் கெட்டியாக. இரண்டு முறை திரும்பச் செய்தேன். தயிர், தயிர்.

"ஏண்டி, எல்லாருக்கும் தெளிஞ்சிடுச்சி, உனுக்கு மட்டும் இன்னும் தயிரு?" என்றாள் காணைக்காரி.

தேர்வாளர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார், என் தாளைப் பார்த்தார்.

"தண்ணியில இருந்ததைக் கண்டுபுடிச்ச. உப்புல இருந்ததை அடிச்சிட்டியே."

"மறுபடி எழுதட்டுமா சார்?"

"எதைப் பார்த்து எழுதுவ?"

"குழாயைப் பார்த்து சார்."

"சல்பேட்டை எதைப் பார்த்து எழுதின?"

ஸ்கேலைப் பைக்குள் வைத்தேன். எழுதச் சொன்னார். எழுதியதும் ஒரு மதிப்பெண் குறைத்தார். சோதிக்காமல் எழுதியதற்கு என்றார்.

அந்த ஒன்று இல்லாமலே பொதுத்தேர்வில் வேதியியலில் தேறினேன். எவ்வளவு இடைவெளியில் தேறினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.