டப்ளினில் வாடகை அறை, சங்கரன்கோவிலில் விசாரணை

டப்ளினுக்குப் படிக்கப் போன என் தங்கை பத்து நாளாகத் தோழியின் அறையில் தரையில்தான் படுக்கிறாள். நேற்று அங்கே நம்ம ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் அறை கேட்டிருக்கிறாள். சங்கரன்கோவிலில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடை வரை விசாரித்துவிட்டு, "நாளைக்குச் சொல்லுதேன்" என்றாராம்.

இன்று காலை என் கடைக்கு ஒருவர் வந்தார். ஆதாரை ஒரு காப்பி எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்த பிறகும் நகரவில்லை.

"டப்ளின்ல ரூம் கேட்டது உன் தங்கச்சிதானம்மா? அது என் மச்சான் வீடு. விசாரிக்கச் சொன்னான்."

குணத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "தங்கமான பிள்ள அண்ணாச்சி" என்றேன்.

"அது இருக்கட்டும். நீங்க எந்தத் தெரு? குலசாமி கோயில் எங்கன இருக்கு?"

"அவ வாடகைக்குத்தான் வாரா. உங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வரல."

"கோவப்படாதம்மா. அங்க அடுக்களை ஒண்ணுதான், அதான் கேக்கேன்."

அவர் கையிலிருந்த காப்பியைப் பிடுங்கி நாலாகக் கிழித்தேன். "வேற கடையில எடுத்துக்கிடுங்க."

மதியம் தங்கை அழைத்தாள். "அந்த ரூம் இல்லையாம்க்கா." அழுதிருக்கிறாள், குரலே சொன்னது.

சாயங்காலம் மறுபடி அழைத்தாள். டப்ளின்காரரான டீச்சர் ஒருவர் அறை தருகிறாராம். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "வீட்டில் பூனை இருக்கிறது, பரவாயில்லையா?"

டப்ளினில் இருக்கும் நண்பர்கள் யாராவது அந்தப் பூனைக்குக் குலசாமி எதுவென்று விசாரித்துச் சொல்லுங்கள். அடுக்களை ஒன்றுதானாம்.