ரயிலில் உருண்ட மாத்திரை

போன வருடம், மழை விட்ட ஒரு சனிக்கிழமைக் காலை. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு நானும் என் கணவரும் கொமுட்டர் ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். ஈர வெயில் தண்டவாளத்தோடு கூடவே ஓடி வந்தது.

இதயம் பலவீனமான பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே சந்தோஷம், சனிக்கிழமை தேவார வகுப்பு. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் கால் வீங்கும். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கும். மாத்திரைகளை நானேதான் எடுத்துக் கொடுக்கிறேன். பிறகு ஏன் என்று புரியாமல் தவித்தேன்.

அன்று அவர் கைக்குட்டையை எடுத்தபோது சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரை விழுந்து உருண்டது. உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக இறக்குகிற மாத்திரை. காலையில் நான் கொடுத்ததேதான்; விழுங்காமல் ஒளித்து வைத்திருக்கிறார். சாகத்தான் பாட்டுக் கற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதிரே இருந்தவர் மாத்திரையைக் குனிந்து எடுத்தார். கிள்ளான் பக்கத்துப் பண்டமாரான்காரர், துறைமுகத்தில் லோரி ஓட்டியவராம்.

"தண்ணி மாத்திரையா அண்ணே? நானும் அதான் சாப்புடுறேன். லோரின்னா ஓரமா நிப்பாட்டிடலாம். டிரெய்ன நிப்பாட்ட முடியுமா லா? ஒருநாள் பேன்ட்லயே போயிருச்சு."

என் கணவர் மெல்லத் திரும்பினார். என்னிடம் சொல்லாததை அவரிடம் சொன்னார்.

"எனக்கு ஷா ஆலாம் ஸ்டேஷன் தாண்டினதும். வெள்ளை வேட்டி. பக்கத்துல ரெண்டு ஸ்கூல் பிள்ளைங்க."

நான் வேறெங்கோ பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

தானும் இப்படித்தான் மாத்திரையை ஒளித்து, மூச்சுத் திணறி வார்டில் படுத்ததாக லோரிக்காரர் சொன்னார். பிறகு கிளினிக்கில் கேட்டு, வெளியே போகும் நாளில் மட்டும் வீடு திரும்பியதும் போட்டுக்கொள்கிறாராம்.

"நீங்களா மாத்தாதீங்க, கேட்டுட்டு மாத்துங்க. நிறுத்த மட்டும் வேணாம் அண்ணே. கேக்க வெக்கமா இருந்தா அக்காவ விட்டுக் கேக்கச் சொல்லுங்க."

கிளினிக்கில் நான்தான் கேட்டேன். மருந்து கொடுக்கும் இடத்திலிருந்த பெண் சிரிக்கவில்லை. டாக்டரிடம் பேசி, சனிக்கிழமை மாத்திரையை மதியத்துக்கு மாற்றித் தந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் வகுப்பில் கற்ற பதிகத்தை மூச்சு வாங்காமல் பாடுகிறார்.

மாத்திரை போட்டாச்சா என்று தினமும் கேட்டவள் நான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் தன் வெட்கத்தை முதலில் இறக்கிவைத்த பிறகுதான், என் கணவர் தன்னுடையதை இறக்கிவைத்தார் என்பதை அந்தப் பாட்டு எனக்கு வாரம் தவறாமல் ஞாபகப்படுத்துகிறது.